கரீமாவின் பங்கு

எங்கள் சந்தில் பிள்ளைகள் படிப்பதை யாரும் பார்ப்பதில்லை, காதால் கேட்பதோடு சரி. மாலையானால் பர்மாவில் எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையின் இந்தக் குறுகலான சந்தில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு குரல் பர்மியப் பாடத்தை உரக்க ஒப்பிக்கத் தொடங்கும். ரயில் போகும்போது கொஞ்சம் அமுங்கும். ரயில் போனதும் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். எந்த வீட்டுப் பிள்ளையின் தொண்டை பெரிதோ, அந்த வீட்டுத் தாய்க்கு மறுநாள் காலைச் சந்தையில் மரியாதை அதிகம். பர்மியர், சீனர், தமிழர் என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. என் வீட்டிலும் அதே கச்சேரிதான் நடந்தது.

இந்தப் போட்டியில் வருஷக்கணக்காக முதலிடம் கரீமாவின் மகள் மெஹ்ரீனுக்கு. கரீமா எங்கள் கட்டடத்தில், அதே மாடியில், எதிர்க் கதவு. சமோசா போட்டுத் தேநீர்க்கடைகளுக்குக் கொடுப்பவள். பால்கனியிலிருந்து கயிற்றில் பையைக் கட்டி இறக்குவாள், கீழே கடைப் பையன்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். மாலையில் அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மாவு தேய்ப்பாள், மெஹ்ரீன் முன்னறையில் படிப்பாள். கை மாவில், காது மகளிடம். குரல் கொஞ்சம் தொய்ந்தால் போதும், "சத்தம் வரலையே!" என்று ஒரு அதட்டல் கிளம்பும். அந்த அதட்டலில் என் மகளும் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பாள் என்பதால் நான் அதை ஆட்சேபித்ததில்லை.

கரீமாவின் பாட்டனார் காலத்திலேயே குடும்பம் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்துவிட்டது. அவள் இரண்டாம் வகுப்பு வரை போனாள். தாய்க்கு உடம்பு முடியாமல் போக, தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். பிள்ளை ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து ஒருவரும் வந்து கேட்கவில்லை. வீட்டிலும் அதை ஒரு பெரிய விஷயமாக யாரும் நினைக்கவில்லை. சந்தையில் பேரம் பேசும் பர்மிய மொழியை அவளைப் போலப் பேச என்னால் முடியாது. ஆனால் புத்தகத்துப் பர்மியம் வேறு. பேச்சில் வராத சொற்களும் முடிவுகளுமாக அது ஒரு தனி மொழி. எழுத்தென்றால் பேருந்து எண்ணையும் கடைப் பலகையையும் படிப்பாள், அவ்வளவுதான். தன் மகள் மட்டும் பத்தாம் வகுப்பையும் தாண்டிப் பள்ளிப் படிப்பை முடித்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. வெறி என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

மெஹ்ரீன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மாலை கரண்ட் போயிற்று. இங்கே அது தினசரி நடப்பது. சந்து முழுக்க இருட்டு, பிள்ளைகளின் குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. மெஹ்ரீனின் குரல் மட்டும் நிற்கவில்லை. அதே வேகம், அதே ஏற்ற இறக்கம். கும்மிருட்டில் ஒரு சொல் தடுமாறாமல் பாடம் ஓடிக்கொண்டே இருந்தது. எதிர் மாடியிலிருந்து ஒரு பர்மியக் கிழவர் கைதட்டினார். "மீ லா ப்யீ!", கரண்ட் வந்தாச்சு என்று சந்தே கூச்சலிட்ட பிறகு, கரீமா மாவுக் கையோடு என் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, கேட்டீங்களா? புஸ்தகமே வேணாம் அவளுக்கு! எல்லாம் மண்டைக்குள்ள இருக்கு!"

நானும் மெச்சினேன். மறுநாள் பாதிச் சந்தைக்கு இந்தச் செய்தி போய்விட்டது.

அடுத்து வந்த அரையாண்டுத் தேர்வில் மெஹ்ரீன் மூன்று பாடங்களில் தோற்றாள்.

கரீமா என்னையும் இழுத்துக்கொண்டு பெற்றோர் கூட்டத்துக்குப் போனாள். என் மகளும் அதே வகுப்பு. எனக்கு இந்தப் பெற்றோர் கூட்டம் என்றாலே ஒரு எரிச்சல். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, யாரையும் மனம் நோகச் செய்யக் கூடாது என்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்போம். கரீமாவுக்கு அந்த நாசூக்கு தெரியாது. வகுப்பு ஆசிரியை டாவ் மியா தண்டா பெயர்களை வாசித்து முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள். "சயாமா, என் மக மாதிரி சத்தம் போட்டுப் படிக்கிற பிள்ளை இந்த ஸ்கூல்லயே கிடையாது. அப்புறம் எப்படித் தோப்பா? நீங்க என்னதான் சொல்லிக் கொடுக்குறீங்க?" என்று பர்மிய மொழியில் கேட்டாள். கூட்டத்தில் சிரிப்பு நின்றது.

"வீட்டில் சத்தமாகப் படிக்கலாம். வகுப்பில் அவள் வாயைத் திறந்ததே இல்லை" என்றார் ஆசிரியை. "எழுபது பிள்ளைகள். வீட்டில்தான் பார்க்க வேண்டும்."

அவ்வளவுதான், அடைத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. வகுப்பில் பாதிதான் நடத்துகிறார்கள், மீதியை டியூஷனுக்குப் போனால்தான் சொல்லித் தருகிறார்கள் என்றார் ஒருவர். டியூஷனுக்கு அனுப்பியும் தேறவில்லையே, அங்கேயும் தூங்குகிறான் என்றார் இன்னொருவர். பாடத்திட்டத்தை மாற்றியவர்களைச் சொல்ல வேண்டும் என்றார் கண்ணாடிக்காரர் ஒருவர். கைப்பேசியைச் சொல்ல வேண்டும் என்றாள் அவர் மனைவி. கடைசியில் அறையில் இல்லாத பிள்ளைகள்தான் சோம்பேறிகள் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்து, தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தோம். பந்தை மாற்றி மாற்றி உதைத்தார்களே தவிர யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை.

வீட்டில் பந்து கரீமாவின் காலடிக்கு வந்தது. அவள் கணவர் இக்பால் உதிரிபாகக் கடை ஒன்றில் விற்பனையில் இருப்பவர். சாதுவான மனிதர், ஆனால் முடிவு எடுத்துவிட்டால் எடுத்ததுதான்.

"பிள்ளை படிக்கலேன்னா தாய்தான் பொறுப்பு" என்றார். "நான் காலையில போய் ராத்திரி வர்றவன். வருஷக் கடைசிப் பரீட்சையில எல்லாத்துலயும் பாஸ் பண்ணட்டும். ஒண்ணுல தோத்தாலும் சரி, ரிஹானா லாத்தா கடைக்குப் போயிடணும்."

ரிஹானா அவருடைய அக்கா. லான்மடாவில் துணிக்கடை வைத்திருக்கிறாள். மெஹ்ரீனைக் கடைக்குக் கேட்டு ஒரு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் போனவள் திரும்பப் பள்ளிக்கு வர மாட்டாள் என்பது கரீமாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

அன்று மாலை அவள் என் கதவைத் தட்டினாள். "அக்கா, நீங்க படிச்சவங்க. வந்து உட்காருங்க. இவ என்ன படிக்கிறான்னு கேட்டு எனக்குச் சொல்லுங்க."

போய் உட்கார்ந்தேன். மெஹ்ரீன் அறிவியல் பாடம் ஒன்றை முழக்கினாள். நிறுத்தச் சொல்லி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், தன் தாயைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். வேறு பாடம் படி என்றேன். இன்னொன்றை முழக்கினாள். அதற்கும் அர்த்தம் தெரியவில்லை. மூன்றாவது ஒன்று இருந்தது. நான்காவது இல்லை. மூன்றே மூன்று பாடங்கள், அதில் ஒன்று போன வருஷத்துப் பாடம். மாதக்கணக்காக அவற்றையே மாற்றி மாற்றி ஓதிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குப் பர்மிய எழுத்து நன்றாகத் தெரியும்தான். ஆனால் அத்தனை குரலுக்கு நடுவே எந்தப் பிள்ளை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று யார் கவனிக்கிறார்கள்?

கரீமா அடிக்கப் போகிறாள் என்று நினைத்து மெஹ்ரீன் முந்திக்கொண்டாள். தமிழும் பர்மியமும் கலந்து, அழுகையோடு கத்தினாள்.

"உம்மா ஒரு நாளாவது என்ன படிச்சேன்னு கேட்டீங்களா? சத்தம் வரலே, சத்தம் வரலேன்னுதானே கேட்டீங்க. சத்தம் கொடுத்தேன்!"

கரீமா அடிக்கவில்லை. மாவு காய்ந்த விரல்களை உரசிச் சுத்தம் செய்தாள். பிறகு என்னிடம் சொன்னாள். "ஏமாத்துனது இவ. ஏமாந்தது நான். இதுல சயாமாவை ஏன் அக்கா ஊருக்கு முன்னால நிக்க வெச்சேன்?"

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு சூடான சமோசாவோடு பள்ளி வாசலில் நின்றாள். சமோசா எதற்கு என்று நான் கேட்டதற்கு, "மன்னிப்புக் கேட்க வெறுங்கையோட போகக்கூடாது" என்றாள். டாவ் மியா தண்டாவிடம் குனிந்து வணங்கி, தப்பு தன்னுடையது என்று சொன்னாள். ஆசிரியைக்குக் கூச்சமாகிவிட்டது. பரவாயில்லை, பரவாயில்லை என்றார். கரீமா அதோடு விட்டிருந்தால் அவள் கரீமா இல்லை.

"யார் பொறுப்புன்னு அன்னைக்கு எல்லாரும் பேசினோம் சயாமா. ஒருத்தரும் அவங்கவங்க பங்கு என்னன்னு சொல்லலே. என் பங்கை நான் செய்றேன். ஆனா அவ வீட்டுல கேக்குறதுக்கு எனக்குப் பதில் தெரியாது. உங்ககிட்ட வந்து கேட்டா கோவிச்சுக்குவீங்களா?"

இதை வெளியூர்க்காரர்கள் சாதாரணக் கேள்வி என்று நினைக்கலாம். இங்கே வகுப்பில் பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை. ஆசிரியர் சொல்வதைக் கூடவே சொல்வார்கள். கேட்டால் ஆசிரியர் சரியாகச் சொல்லித் தரவில்லை என்று ஆகிவிடும், அது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாங்கள் எல்லோரும். ஆசிரியை மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. காலையில் பள்ளி, மாலையில் டியூஷன், நடுவில் தன் வீடு. ஒரு பிள்ளை கேட்கத் தொடங்கினால் எழுபதும் கேட்கும் என்று அவருக்குப் பயம் இருந்திருக்கும்.

"பாட நேரத்தில் வேண்டாம்" என்றார் கடைசியில். "மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரட்டும்."

அன்று முதல் கரீமா வீட்டில் சத்தச் சட்டம் ரத்தாகிப் புதிய சட்டம் வந்தது. படித்ததை எந்த மொழியிலாவது, கடைப் பர்மியமோ கலப்புத் தமிழோ, தாய்க்குப் புரியும்வரை சொல்ல வேண்டும். மெஹ்ரீனுக்கு இது தண்டனையை விடக் கொடுமையாக இருந்தது. அவளுடைய தமிழ் அரைகுறை. தாயோ எதையும் சும்மா விடமாட்டாள். எதிர்க் கதவு என்பதால் எல்லாம் என் காதில் விழும்.

"செடி தன் சாப்பாட்டைத் தானே செஞ்சுக்கும் உம்மா."

"எதை வெச்சு?"

"தண்ணி, காத்து."

"அடுப்பு?"

"வெயில்தான் அடுப்பு."

"அப்ப ராத்திரி பட்டினியா?"

மெஹ்ரீன் புத்தகத்தைப் பட்டென்று மூடியது கேட்டது. "தெரியலே" என்றாள் எரிச்சலோடு.

"சயாமாகிட்ட கேட்டுட்டு வா."

"அசிங்கமா இருக்கும் உம்மா!"

"தோத்துட்டுத் துணி மடிக்கிறது அழகா இருக்குமா? கேட்டுட்டு வா."

மறுநாள் அவள் ஆசிரியர் அறை வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள் என்று என் மகள் சொன்னாள். அதற்கு அடுத்த நாளும் திரும்பி வந்தாள். மூன்றாம் நாள் கேட்டாள். பகலில் சமைத்ததை மிச்சம் வைத்து ராத்திரி சாப்பிடும் என்று ஆசிரியை விளக்கினாராம். மெஹ்ரீன் மாடிப்படியிலிருந்தே அதைத் தாய்க்குக் கத்திக்கொண்டு ஏறினாள். யாரும் சொல்லாமல் அந்தப் பெண் தன் விருப்பத்துக்கு உரக்கப் பேசியதை அன்றுதான் கேட்டேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இதில் நேரம் ஒரு பிரச்சினையாக வந்தது. மெஹ்ரீன் பள்ளி விட்டு வந்ததும் சமோசா மடிக்க உட்காருவது வழக்கம். மடித்து முடித்துத்தான் படிப்பு, அதற்குள் கண் சொக்கும். ஒரு மாலை இக்பால் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும், கரீமா மடிக்காத மாவுத் தகடும் மசாலாவும் இருந்த தட்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"என்ன இது?"

"உங்க பங்கு."

"நான் ஆம்பளை, கடையில நின்னுட்டு வர்றேன்."

"நானும் அடுப்புல நின்னுட்டுத்தான் இருக்கேன். இவ மடிச்சா படிக்க மாட்டா. நீங்க மடிச்சா படிப்பா. பரீட்சையில தோத்தா கடைன்னு சொன்னது நீங்கதானே? சொல்றதுக்கு மட்டும்தான் வாப்பாவா?"

கதவு திறந்திருந்தது. நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன், காதைத் திருப்பவில்லை. இக்பால் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அவர் மடித்த சமோசாக்கள் எண்ணெயில் வாயைப் பிளந்தன. தேநீர்க்கடைக்காரர் கேட்டதற்கு, புது ஆள் பழகுகிறான் என்று கரீமா சொல்லிவிட்டாள். புது ஆள் மழை முடிந்து குளிர் வந்தபோதும் உட்கார்ந்து மடித்துக்கொண்டுதான் இருந்தார்.

இப்படி எல்லாம் கூடி வந்தது, ஒன்றைத் தவிர. கணக்கு. "எக்ஸ்னா யாரு?" என்று கரீமா கேட்டாள். "யாருமில்ல உம்மா, ஒரு எண்ணுக்குப் பதிலா வைக்கிறது" என்றாள் மெஹ்ரீன். எண்ணையே வைத்தால் என்ன கேடு என்றாள் தாய். மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை, தாய்க்குப் புரியவில்லை. இரண்டு மூன்று நாள் சண்டைக்குப் பிறகு, "எக்ஸெல்லாம் நான் டியூஷன்ல பார்த்துக்கிறேன்" என்றாள் மெஹ்ரீன். கரீமாவும் பெருமூச்சு விட்டு மற்ற பாடங்களுக்குப் போய்விட்டாள். அவள் வாரக் கடைசியில் போகும் டியூஷனில் எழுபது இல்லை, நாற்பது பேர். அங்கேயும் எல்லோரும் கூடவே சொல்வதுதான்.

வருஷக் கடைசித் தேர்வின் முடிவு வந்தது. மெஹ்ரீன் கிட்டத்தட்ட எல்லாப் பாடங்களிலும் தேறியிருந்தாள். அறிவியலில் என் மகளை விட நல்ல மதிப்பெண். கணக்கில் மட்டும் தோற்றிருந்தாள். ஒன்றில் தோற்றாலும் அதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டும்.

இக்பால் அன்று சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டார். முடிவைக் கேட்கப் போன நானும் அங்கேதான் இருந்தேன். முகம் வாடியிருந்தது. "நான் சொன்னது சொன்னதுதான்" என்றார். ஆனால் குரலில் பழைய கடுமை இல்லை. "பரீட்சை வரைக்கும் பார்த்தாச்சு. திங்கக்கிழமையிலேருந்து லாத்தா கடைக்குப் போகட்டும்."

கரீமா கதவருகில் போய் நின்றுகொண்டாள். "கடைக்கு ஆள் வேணும்னா என்னை அனுப்புங்க. இவ இந்த வாசலைத் தாண்டினா ஸ்கூலுக்குத்தான் தாண்டுவா."

அந்த நேரத்தில் டாவ் மியா தண்டா படியேறி வந்தார். நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. அத்தனை மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. உட்காரக்கூட இல்லை. மெஹ்ரீனை நிறுத்தப் போகிறார்கள் என்று என் மகள் போய்ச் சொன்னாளாம், அதனால் வந்தாராம். "மதியத்தில் எல்லாம் கேட்டாள், கணக்கு மட்டும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். இது என் தப்பு."

"இல்லே சயாமா, கணக்கை நான்தான் கை விட்டேன்" என்றாள் கரீமா. "எனக்குப் புரியலேன்னு விட்டுட்டேன். என் தப்பு."

இக்பால் தொண்டையைச் செருமினார். "நானும் கடையில தினம் கணக்குப் போடுறவன்தான். சமோசா மடிச்சதோட என் வேலை முடிஞ்சதுன்னு உட்கார்ந்துட்டேன்."

அரையாண்டில் ஒருவர் தலையில் ஒருவர் தூக்கிப் போட்டதை இப்போது மூன்று பேரும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மெஹ்ரீன் சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்னே வந்தாள்.

"எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டா எனக்கு என்ன மிச்சம்?"

மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உம்மாவுக்கு எக்ஸ் தெரியாது. தெரியாதுன்னு எனக்குத் தெரியும். கேக்க ஆள் இல்லேன்னுதான் கணக்கை மூடி வெச்சேன். சயாமாகிட்ட கேட்டிருக்கலாம், கேக்கலே. கணக்குல தோத்தது நான். மறுபடி அதே பெஞ்சில உட்கார்ந்து பாஸ் பண்றதும் நான்தான் பண்ணணும்." அவள் தகப்பனைப் பார்த்தாள். "கடைக்கு அனுப்பிட்டா அதை எங்க போயி பண்றது வாப்பா?"

இக்பால் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, எங்கள் எல்லோருக்கும் முன்னாலேயே அக்காவை அழைத்தார்.

"லாத்தா, கடைக்கு வேற ஆளைப் பாருங்க... ஆமா, முடிவு வந்துடுச்சு. ஃபெயில்தான்... இல்லே லாத்தா, ஃபெயிலானதாலதான் ஸ்கூலுக்கு அனுப்புறேன்."